சொப்பிங் பைக்குப் பதில் எது? வன்னிச் சந்தையில் வைத்துப் பார்ப்போம்

பைக்குக் காசு வாங்குவது, சீலைப் பை கொடுப்பது, பனையோலைக்குத் திரும்புவது, உரப்பையை வெட்டித் தைப்பது. சொப்பிங் பை என்னும் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் குறைக்க நம் ஊர்களுக்கு ஏற்ற வழிகள் என்றால் இந்த நான்கும்தான். சங்கக் கூட்டங்களில் சீலைப் பைக்குத்தான் கைதட்டல் விழும். என் வாக்கு உரப்பைக்கு.

முதலில் காசு. 2025 நவம்பர் 1 முதல் இலங்கையில் கடைகள் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது. அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்டவும் வேண்டும். அயர்லாந்தில் 2002இல் பைக்கு 15 யூரோ சதம் அறவிடத் தொடங்கியதும் பாவனை 90 வீதத்துக்கு மேல் விழுந்தது. ஆனால் அது பற்றுச்சீட்டு இருக்கும் இடத்துக்கான மருந்து. மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ மரக்கறி விற்பவரிடம் ஏது பற்றுச்சீட்டு? ஆணியில் கொழுவிய கட்டிலிருந்து விரலை ஈரமாக்கி ஒரு பையை உருவுவார். கால் கிலோ பச்சை மிளகாய்க்கு ஒன்று, கத்தரிக்காய்க்கு ஒன்று, எல்லாவற்றையும் போட இன்னும் பெரிதாக ஒன்று. ஒருவர் மட்டும் மறுத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். சந்தை வியாபாரிகள் எல்லோரும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் இது நடக்கும்.

சீலைப் பையை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் தைத்தால், குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்கு உழைப்பு வரும். அது பெரிய விசயம். ஆனால் பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் 2011இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு தடவை பாவித்து எறியும் மெல்லிய பையோடு காலநிலைப் பாதிப்பில் சமமாவதற்கே புதுப் பருத்திப் பையை 131 தடவை கொண்டுபோக வேண்டும். வாரம் ஒரு சந்தை என்றால் இரண்டரை வருசம். விழாவில் இலச்சினை அடித்துக் கொடுக்கும் பைகள் அலுமாரிக்குள் மடித்தபடியே கிடக்கின்றன. பழைய சாறத்திலும் சேலையிலும் தைத்தால் கதை வேறு. அதற்கு யாரும் விழா எடுப்பதில்லை.

பனையோலைதான் மனசுக்கு நெருக்கம். மீன் கொண்டுபோக உமல், மீனவர் இடுப்பில் பறி என்று ஒரு காலத்தில் எல்லாமே ஓலைதான். யுத்தத்தில் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள் எத்தனை! மிஞ்சியவற்றில் குருத்து வெட்டி, காயவைத்து, வார்ந்து, இழைக்க வேண்டும். ஒரு பைக்கு அவ்வளவு கைவேலை. அதற்குரிய கூலியைப் போட்டால் விலை ஏறும். அதனால் அது வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விரும்பி வாங்கும் கைப்பணிப் பொருளாகிவிடுகிறது. அதற்குள் சேற்றோடு வல்லாரைக் கட்டை வைக்க யாருக்கு மனம் வரும்? மாரியில் பூஞ்சணமும் பிடிக்கும். நல்ல விலைக்கு விற்கட்டும். சந்தைக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

உரப்பைக்கு அழகு கிடையாது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கும் வீடுகளில் 50 கிலோ உரப்பைகள் மூலையில் கிடக்கும். பாதியாக வெட்டி, கரையை மடித்தடித்து, பிடிக்கு மடித்த பட்டியையே வைத்துத் தைத்தால் பூசணிக்காயும் நாலு தேங்காயும் தாங்கும். நனைந்தால் உதறிவிட்டுக் காயப் போடலாம். உரம் போகக் கழுவித்தான் தைக்க வேண்டும். வெயிலிலேயே விட்டால் நூல்நூலாக உதிரும். அதுவும் பிளாஸ்டிக்தானே என்று கேட்பீர்கள். ஆம், ஆனால் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட பிளாஸ்டிக். இன்னொன்றை வாங்க வைக்காது. எல்லாவற்றிலும் பெரிய வசதி, மோட்டார் சைக்கிளில் கொழுவியபடியே இருக்கும். சீலைப் பையை வீட்டில் மறந்துவிட்டு வருபவர்தான் சொப்பிங் பை கேட்கிறார்.

மீனுக்கு மட்டும் நான்கில் எதுவும் சரிவராது. மூடியுள்ள வாளி கொண்டுபோகிறவர் கொண்டுபோகட்டும். மற்றவர்களோடு இப்போதைக்குச் சண்டை வேண்டாம். மீன் கடைகளை விட்டுவிட்டு மரக்கறி வரிசையில் தொடங்குங்கள். மாடுகள் வந்து மேய்வதும் அந்த வரிசைக் குப்பையைத்தான். மரக்கறி மணத்தோடு விழுங்கிய பை வயிற்றில் செரிப்பதில்லை.