மொட்டை மாடிக்கு எந்த நீர்க்காப்பு? அக்ரிலிக், சிமென்ட் பூச்சு, பியூ, தார் ஷீட், சுருக்கி: ஓர் அலசல்

ஐப்பசி மழைக்கு முன்னால் பெயின்ட் கடையில் போய் ‘மாடிக்கு எது நல்லது?’ என்று கேட்டால், கடையில் எது அதிகம் கிடக்கிறதோ அதுதான் நல்லது என்று பதில் வரும். தப்பில்லை, எல்லாமே ஓர் இடத்தில் நல்லதுதான். எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. தளத்தில் தண்ணீர் நிற்கிறதா, விரிசல் உயிரோடு இருக்கிறதா, மேலே எவ்வளவு புழக்கம், தளம் இன்னும் எவ்வளவு எடை தாங்கும் என்ற நான்கையும் பார்க்காமல் வாளியைத் திறப்பது வீண் செலவு.

வாளிக்கு முன்னால் வாட்டம்

100 அடிக்கு 1 அடி வாட்டம் (சரிவு) குறைந்தபட்சம் வேண்டும். அதாவது மழைநீர்க் குழாய்க்கு 10 அடி தள்ளி இருக்கும் இடம், குழாய் வாயைவிட ஒன்றேகால் அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும். டியூப் லெவல் வைத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு அரை மணி கழித்து எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாயாவது இருக்க வேண்டும். 1,000 சதுர அடிக்கு ஒரே குழாயை வைத்துவிட்டுப் பூச்சைத் திட்டுவதில் நியாயமில்லை.

அடுத்தது விரிசல். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில வாரங்களில் கோட்டைத் தாண்டி ஓடினால், அல்லது மதியம் ஒரு அகலமும் விடிகாலையில் ஒரு அகலமுமாக இருந்தால், அது உயிருள்ள விரிசல். அதை 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்துக்கு வெட்டித் தூசி ஊதி, இழுபடும் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் நிரப்ப வேண்டும். அசையாத விரிசலுக்குப் பாலிமர் கலந்த சிமென்ட் கலவை போதும். உயிருள்ள விரிசலில் சிமென்ட் கலவையை அடைத்தால், அடுத்த கோடையில் அதன் ஓரத்திலேயே புது விரிசல் விடும்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை யாரும் கவனிப்பதில்லை. ஒழுகலில் பெரும்பங்கு அங்கேதான். இரண்டு அங்குலத்துக்குச் சாய்வாகக் கலவை பூசி, எந்தப் பூச்சானாலும் சுவரில் 9 அங்குலமாவது ஏற்ற வேண்டும்.

இன்னொன்று: கீழே அறைக்குள் சீலிங்கில் ஓதம் தெரிகிறது என்று உள்பக்கமிருந்தே பூச்சு அடிக்கிறார்கள். தண்ணீர் மேலிருந்து தள்ளும்போது உள்பூச்சு கொப்பளித்து உதிரும். உதிராமல் நின்றுவிட்டால் இன்னும் மோசம். தண்ணீர் தளத்துக்குள்ளேயே தங்கிக் கம்பியைத் துருவாக்கும். கம்பி ஏற்கெனவே துருப்பிடித்துக் காங்கிரீட் தெறித்திருந்தால், முதலில் அதைச் செப்பனிட வேண்டும். மேல்பூச்சு அதற்கு மருந்தல்ல.

அக்ரிலிக்: வாளியை எண்ணுங்கள்

தண்ணீர் கலந்து வரும் வெள்ளைப் பூச்சு. வெயிலை நன்றாகத் தாங்கும், சூட்டைத் திருப்பி அனுப்பும், வீட்டுக்காரரே ரோலரால் அடித்துக்கொள்ளலாம், விலையும் குறைவு. சந்தையில் அதிகம் விற்பது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். காரணம் தடிமன்.

கணக்கு எளிது. இதில் பாதிக்குப் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் பரப்பினால் ஈரத்தில் 1 மி.மீ., காய்ந்தால் அரை மி.மீ. அரை மி.மீட்டருக்குக் குறைந்தால் அது காப்பு அல்ல, பெயின்ட். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆகவே 93 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளி ஐந்து. ‘லிட்டருக்கு 20 சதுர அடி வரும்’ என்று இரண்டரை வாளியில் முடித்தால் கிடைப்பது கால் மி.மீட்டர்தான். வேலை முடிந்ததும் காலி வாளிகளை எண்ணிப் பார்ப்பது, வாரன்டி அட்டையைவிடப் பயனுள்ள வேலை.

முதல் தடவை அடிக்கும் கோட்டை மட்டும் டப்பாவில் சொன்ன அளவு தண்ணீர் விட்டு இளக்கலாம், அது பிரைமர் (அடிப்பூச்சு). அடுத்த இரண்டு கோட்டில் சொட்டுத் தண்ணீர் கூடாது. ஒன்று வடக்கு தெற்காக, மற்றது கிழக்கு மேற்காக. விரிசல் மேலும் மூலையிலும் முதல் கோட்டு ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பதித்து அமுக்கிவிட வேண்டும். காய்ந்த பிறகு வைத்தால் வலை தனியாக நிற்கும்.

இதன் பலவீனம் தேங்கும் தண்ணீர். இரண்டு நாள் தண்ணீர் நின்ற இடத்தில் படலம் ஊறி மெத்தென்றாகும். கட்டைவிரலால் தள்ளினால் வெயிலில் உரிந்த தோல்போலக் கழன்று வரும். சாக்பீஸ் வட்டங்கள் நிறைய இருக்கும் மாடிக்கு இது வேண்டாம். வாட்டம் சரியாக இருந்தால் 3 முதல் 5 ஆண்டு ஓடும், பிறகு கழுவிவிட்டு இன்னொரு கோட்டு. பராமரிப்புப் பூச்சாக இதற்கு நல்ல இடம் உண்டு. தேங்காத வாட்டம் இல்லாமல், ஒரே நம்பிக்கையாக இதை வைப்பதில்தான் சிக்கல்.

இரண்டு பாகச் சிமென்ட் பூச்சு

ஒரு பையில் பொடி, ஒரு கேனில் பாலிமர் பால். இரண்டையும் மெதுவாகச் சுற்றும் டிரில்லில் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். பாலில் பொடியைக் கொட்ட வேண்டும், பொடியில் பாலை ஊற்றக் கூடாது. மற்றப் பூச்சுகளெல்லாம் காய்ந்த தளம் கேட்கும்போது, இது ஈரத்தளம் கேட்கும். தளத்தை நனைத்து, நிற்கும் நீரைத் துடைத்துவிட்டு, கறுத்து ஈரமாக இருக்கும்போது அடிக்க வேண்டும். காய்ந்த தளம் பூச்சிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிறகு பொடிப்பொடியாகத் தேய்ந்து வரும்.

1 மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ, இரண்டு கோட்டில். தண்ணீர் தேங்கினாலும் கவலையில்லை. கழிப்பறைப் பள்ளத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இதைத்தானே போடுகிறோம். ஆனால் நேரடி வெயிலிலும் செருப்புத் தேய்மானத்திலும் திறந்து கிடக்கும் பூச்சு அல்ல இது. மேலே கலவைத் தளமோ ஓடோ வர வேண்டும். கலவை போடும் ஆள்கள் மண்வெட்டியால் இதைக் கீறிவிடாமல் பார்ப்பது மேஸ்திரியின் பொறுப்பு. பெரும்பாலும் கீறிவிடுகிறார்கள்.

பியூ

பாலியூரித்தேன் ரப்பர்போல இழுபடும். உயிருள்ள சிறு விரிசலையும் தாண்டிப் பாலம் போடும், தேங்கிய தண்ணீரையும் தாங்கும், எடையும் சேர்க்காது. பழைய தளம், வாட்டம் குறைவு, மேலே கலவை ஏற்றப் பயம் என்ற மூன்றும் சேர்ந்த வீட்டுக்கு இதைவிட நல்ல வழியில்லை. விலைதான் இடிக்கும், அக்ரிலிக்கைப்போலப் பல மடங்கு.

இதன் எதிரி ஈரம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் வியர்த்திருந்தாலோ காங்கிரீட் கறுத்திருந்தாலோ அன்றைக்கு வேலை இல்லை. மீறி அடித்தால் சித்திரை வெயிலில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் படலத்தைக் கொப்புளமாகத் தூக்கும். காலையில் அடிப்பதும் தப்பு. தளம் சூடேறச் சூடேற நுண்துளைக் காற்று விரிந்து ஈரப்படலத்தில் ஊசித்துளை போடும். பிற்பகல் சாய்ந்து தளம் ஆறத் தொடங்கும்போது அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒரே தடவையில் கனமாக ஊற்றக் கூடாது, நுரைத்துவிடும். பிரைமர், பிறகு இரண்டு கோட்டு. காய்ந்து 1.2 மி.மீ. வர, சதுர மீட்டருக்கு 2 கிலோவை ஒட்டிப் பிடிக்கும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘பியூ’ என்று பெரிதாக அச்சடித்த வாளியில் ‘தண்ணீர் கலந்து இளக்கவும்’ என்று சிறிதாகப் போட்டிருந்தால், அது பெரும்பாலும் அக்ரிலிக்கோடு கலந்த சரக்கு. கெட்டது என்று சொல்லவில்லை. மேலே சொன்ன குணங்களை அதனிடம் அப்படியே எதிர்பார்க்காதீர்கள். அசல் பியூவிலும் மலிவான வகை வெயிலில் பழுத்து மாவு பூக்கும். அதன் மேல் வெயில் தாங்கும் மேல்கோட்டு கட்டாயம். இரும்புக் கட்டிலை இழுத்தால் கிழியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தார் ஷீட்

1 மீட்டருக்கு 10 மீட்டர் சுருள், 3 அல்லது 4 மி.மீ. கனம், கேஸ் தீயில் உருக்கி ஒட்டுவது. தடிமன் தொழிற்சாலையிலேயே வந்துவிடுவதால் வாளிக் கணக்கு ஏமாற்று இல்லை. பக்க ஒட்டு 10 செ.மீ., முனை ஒட்டு 15 செ.மீ. 25க்கு 40 அடி மாடிக்குச் சுவர் ஏற்றத்தையும் சேர்த்து 12 சுருள் பிடிக்கும். ஒட்டின் ஓரத்தில் உருகிய தார் மணியாகக் கசிந்து நின்றால்தான் சரியாகப் பிடித்திருக்கிறது என்று பொருள்.

வீடுகளுக்கு இதை நான் எளிதில் சொல்வதில்லை. கறுப்பு, நம் வெயிலில் மேல்மாடி அடுப்பாகிவிடும். ஒரு ஒட்டு விட்டுவிட்டால் தண்ணீர் ஷீட்டுக்கு அடியில் ஊர்ந்து 15 அடி தள்ளி ஒழுகும், ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாது. மேலே கலவைத் தளம் போட்டு மூடுவதாக இருந்தால் சரி.

சுருக்கி

தமிழ்நாட்டுப் பழைய வழி. பொதுப்பணித் துறைக் கணக்கில் செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, சராசரி 3 அங்குலக் கனம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, கட்டை தெறித்து மீளும்வரை அடித்து இறுக்குவார்கள். அதன் மேல் 1:3 கலவையில் தட்டோடு. வாட்டத்தை இதிலேயே கொடுத்துவிடலாம், சூட்டையும் குறைக்கும், மயிரிழை விரிசலைச் சுண்ணாம்பு தானே ஓரளவு மூடிக்கொள்ளும். மற்ற எதற்கும் இந்தக் குணம் கிடையாது.

இன்று சிக்கல் இரண்டு. ஒன்று, சுண்ணாம்பை அடிக்கத் தெரிந்த ஆள் இல்லை. ஜல்லியில் சிமென்டைக் கலந்து பரப்பிவிட்டு அதையே சுருக்கி என்கிறார்கள். அது வெறும் துளை நிறைந்த காங்கிரீட், தண்ணீரை ஊறுகாய் போட்டு வைத்திருக்கும். மழை நின்று நாலு நாள் கழித்து ஒழுகும் வீடுகள் இந்த ரகம். இரண்டாவது எடை. 3 அங்குலத்துக்குச் சதுர மீட்டருக்கு 140 கிலோ. 1,000 சதுர அடிக்கு 13 டன், ஓடும் கலவையும் சேர்ந்தால் 19 டன்னை ஒட்டும். ஒழுகுகிறது என்று பழைய சுருக்கி மேல் இன்னொரு அடுக்கு போடுவதைத் தடுத்து நிறுத்துங்கள். ஓடு நன்றாக இருந்து இடுக்கு மட்டும் விட்டிருந்தால், இடுக்கைச் சுரண்டிப் பாலிமர் கலவையால் மறுபடி அடைத்து, மேலே அக்ரிலிக் போதும்.

ஆக, புது வீட்டுக்குச் சிமென்ட் பூச்சு, அதன் மேல் வாட்டக் கலவை, ஓடு. ஓடு போட்ட பழைய வீட்டுக்கு இடுக்கு வேலையும் அக்ரிலிக்கும். ஓடில்லாத, தண்ணீர் தேங்குகிற பழைய தளத்துக்கு, பணம் இருந்தால் பியூ. இல்லாவிட்டால், தளம் தாங்கும் இடத்தில் பள்ளத்தை மட்டும் பாலிமர் கலவையால் மேவிவிட்டு அக்ரிலிக். அக்ரிலிக்கைத் தவிர எதுவானாலும் பூச்சு நன்றாக இறுகிய பிறகு, ஓடு பதிப்பதற்கு முன், குழாய் வாயை அடைத்து 2 அங்குலத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்க்காமல் ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

போர்டிகோ, வண்டிச் சாய்தளம்

மாடியை விட்டுக் கீழே வந்தால், இந்தத் தரையில் தண்ணீர் தேங்காது, டயர் தேய்க்கும். மாடிப் பூச்சு எதுவும் இங்கே ஆகாது. பளபளப்பு வேண்டுமென்று எபாக்சி அடித்தால் வெயில் படும் இடம் மஞ்சளித்து மாவு பூக்கும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூடான டயர் நின்று ஆறும்போது, பிடிப்புக் குறைந்த படலத்தைக் கவ்விக்கொண்டு வரும். அக்ரிலிக் தெளிபூச்சையும் டயர் இப்படியே கவ்வும், போதாததற்கு ஈரக் காற்றில் வெள்ளை படரும்.

சிலேன்–சிலாக்சேன் என்ற, உள்ளே ஊறும் திரவ வகைதான் இங்கே பொருத்தம். படலம் கட்டாமல் காங்கிரீட்டுக்குள் சில மி.மீ. இறங்கித் துளைகளின் சுவரைத் தண்ணீர் ஒட்டாததாக்கும். நிறம் மாறாது, வழுக்காது. கடலோர வீடுகளில் உப்பு உள்ளே போவதையும் குறைக்கும். லிட்டருக்கு 3 முதல் 5 சதுர மீட்டர், முதல் கோட்டு ஈரம் காயுமுன்பே இரண்டாவது. பக்கத்துக் கண்ணாடியை மூடிவிட்டு அடியுங்கள், கறை போகாது. விரிசலை அடைக்காது, எண்ணெய்க் கறையையும் தடுக்காது. புதுக் காங்கிரீட் 28 நாள் ஆகியிருக்க வேண்டும்.

பெருக்கப் பெருக்கத் தூசி கிளம்பும் தளத்துக்கு மட்டும் லித்தியம் சிலிகேட். காங்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து மேல்பரப்பைக் கெட்டியாக்கும். நீர்க்காப்பு அல்ல. சிலேன் போட்ட பிறகு இது உள்ளே இறங்காது, ஆகவே இரண்டும் வேண்டுமானால் சிலிகேட்தான் முதலில். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக உருண்டால் வேலை செய்கிறது. தரை கறுத்து ஊறினால் மறுகோட்டுக்கு நேரம்.