நான்கு வருட எம்.சி.ஆர். செருப்பும் ஒரு ஆணியும்

நண்பர் ஒருவருக்குச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போக ஆரம்பித்திருக்கிறது. நேற்று போனில், "நீங்க போடுற எம்.சி.ஆர். செருப்பு வாங்கலாமா?" என்றார். கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் என் செருப்பிலிருந்து ஒரு ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

நான்கு வருடமாக இதைத்தான் போடுகிறேன், இது மூன்றாவது ஜோடி. மேலே எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். அதில் குறையே இல்லை. என் கோபமெல்லாம் பின்பட்டை மேல்தான். ஆறு மாதத்தில் வெல்க்ரோவில் நூலும் முடியும் அடைந்துவிடுகிறது. ஊக்கால் கிளறி எடுத்தால் இரண்டு நாள் பிடிக்கும், அப்புறம் பழையபடிதான். மற்றவர்களுக்குச் செருப்பு கழன்றால் உடனே தெரியும். எனக்கும் பாதம் மரத்துப்போனதால் தெரியாது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் பத்தடி வெறுங்காலோடு நடந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

போன வாரம் பட்டை பிய்ந்துபோனது. அவசரத்துக்குத் தெருமுனையில் தைக்கக் கொடுத்தேன். பசையும் தையலும் மட்டும் போதும் என்று இரண்டு முறை சொல்லியும் ஆணி அடித்துவிட்டார்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவும் பழக்கம் இருந்ததால் தப்பித்தேன். விரலில் குத்தியது. காலில் குத்தியிருந்தால் இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும்.

அந்தப் பழக்கம் செருப்பு செய்து தந்தவர் சொல்லிக்கொடுத்தது. தொழுநோய் மருத்துவமனைப் பட்டறையில் வேலை கற்றவர். காலைப் பார்க்கும் முன் பழைய செருப்பைக் கேட்பார். தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவுவார். பிறகு மை விரிப்பில் நடக்கவிட்டு, பெருவிரலுக்குக் கீழே கறுப்பாக அப்பியிருந்த தடத்தைக் காட்டினார். "பாரம் முழுக்க இங்கேதான் சார் இறங்குது." பிறகு பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை அது வளையும் வரை அங்கே அழுத்தினார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட் பற்றி அவர்தான் சொன்னார். தொழுநோயாளிகளின் காலில் புண் ஆறாததற்குக் காரணம், வலி தெரியாமல் அதே இடத்தை மிதித்து மிதித்து நடப்பதுதான் என்று எடுத்துக்காட்டியவர் பிராண்ட். சர்க்கரைக்காரர்களின் காலுக்கும் அதே கதைதான்.

இந்த நான்கு வருடத்தில் ஒரு புண் வரவில்லை. பெருவிரலடியில் இருந்த காய்ப்பும் கரைந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்குப் பத்துக்கு நான்குதான் கொடுப்பேன். காலைக் காப்பாற்ற வந்த செருப்பு காலில் நிற்க வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை நான்காவது ஜோடிக்கு அளவு கொடுக்கப் போகிறேன். இந்த முறை வெல்க்ரோ வேண்டாம், பக்கிள் வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். நண்பரும் வருகிறார். பழைய செருப்பைக் கழுவாமல் அப்படியே எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.