படிவம் 20-ஐ வைத்து வேலூர் வாக்காளர் மனதைப் படிப்பது: பல தேர்தல்களின் பயன்பாட்டு அனுபவம்

"கட்சிக்கு மவுசு போச்சு", "தலைவர் முகத்துக்கு விழுந்த ஓட்டு இது". ரிசல்ட் வந்த மறுநாள் காட்பாடியிலிருந்து வாணியம்பாடி வரை டீக்கடைகளில் இதுதான் பேச்சு. இதில் எவ்வளவு உண்மை என்று உரசிப் பார்க்கச் சாதாரண ஆளுக்கும் எட்டும் ஆவணம் படிவம் 20. ஒவ்வொரு பூத்திலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை ஓட்டு விழுந்தது என்பது அதில் வரிசையாக இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஒரு தேர்தலுக்கு மட்டும் எடுத்தால் அது வெறும் எண் மூட்டை. மூன்று நான்கு தேர்தல்களை அடுக்கி வைத்தால்தான் கட்சி, தலைவர், வேட்பாளர் என மூன்றையும் மக்கள் தனித்தனியாக எடைபோடுவது தெரியவரும்.

இதைக் கற்றுக்கொள்ள வேலூர் மக்களவைத் தொகுதியைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. புதிய நீதிக் கட்சித் தலைவர் ஏ.சி.சண்முகம் அடுத்தடுத்து மூன்று முறை இங்கே நின்றார்: 2014-ல் தாமரை, 2019-ல் இரட்டை இலை, 2024-ல் மறுபடி தாமரை. ஆள் ஒருவர், சின்னம் மாறியது, பின்னால் நின்ற தலைமையும் மாறியது. வாங்கிய ஓட்டு முறையே 3,24,326, 4,77,199, 3,52,990.

2014-ல் ஜெயலலிதா தலைமையில் கூட்டணியே இல்லாமல் இரட்டை இலை 3,83,719 எடுத்து ஜெயித்தது. 2024-ல் அதே சின்னம் 1,17,682-க்கு இறங்கியது. இதை மட்டும் பார்ப்பவர் "இலை காலி" என்று எழுதிவிடுவார். அவசரப்படக் கூடாது. 2024-ல் தாமரையும் இலையும் சேர்த்து 4,70,672. 2019-ல் இரண்டும் ஒரே அணியில் இருந்தபோது வந்தது 4,77,199. ஆறாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். உதயசூரியனுக்கு அதே இடைவெளியில் 4,85,340 என்பது 5,68,692 ஆனது, அதாவது 83,352 கூடுதல். நாம் தமிழர் 26,995-லிருந்து 53,284-க்கு வந்தது. பதிவான மொத்த ஓட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் கூடியிருந்தது. ஆக, 8,141 என்ற வித்தியாசம் 2,15,702 ஆனதற்குப் பெரிய காரணம் எதிரணி இரண்டாகப் பிரிந்தது. "மக்கள் கூட்டம் கூட்டமாகக் கட்சி மாறினார்கள்" என்பதற்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை. ஆனால் இதெல்லாம் நிகரக் கணக்கு, அதாவது வரவு போகக் கழித்து மிஞ்சியது. உள்ளே போனவர் எத்தனை, வெளியே வந்தவர் எத்தனை என்பதைப் படிவம் 20 ஒருநாளும் சொல்லாது. அதன் முதல் குறை அதுதான்.

இந்த மக்களவைத் தொகுதிக்குள் வரும் சட்டமன்றப் பகுதிகளில் ஒன்றான குடியாத்தம் இன்னும் நுணுக்கமான பாடம். பணப் பறிமுதலைத் தொடர்ந்து 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது. ஆனால் குடியாத்தம், ஆம்பூர் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் ஏப்ரல் 18-ல் நடந்தன. இரண்டிலும் திமுக வென்றது. தள்ளிப்போன மக்களவைத் தேர்தல் ஆகஸ்ட் 5-ல் நடந்தபோது அதே குடியாத்தத்தில் இரட்டை இலை முந்தியது. நான்கு மாதம்கூட ஆகவில்லை, இரு பக்கமும் தலைவர்கள் அவர்களேதான். வேட்பாளர் மாறினார், ஏப்ரலில் களத்தில் இருந்த தினகரனின் அமமுக ஆகஸ்டில் நிற்கவில்லை, சட்டமன்றமா நாடாளுமன்றமா என்ற கேள்வியும் வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் பகுதிகள் உதயசூரியனுக்கு முன்னிலை தந்தன. முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறி ஒரு வாரம்கூட ஆகாத நேரம். ஓட்டுப்பதிவு நாளன்றுதான் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்கும் அறிவிப்பும் வந்தது. முஸ்லிம் வாக்காளர்கள் நிறைந்த அந்தப் பகுதிகளில் இலையின் கூட்டணிக் கட்சியான பாஜகவின் தேசியத் தலைமை மேல் இருந்த பார்வையும் சேர்ந்து எடைபோடப்பட்டது என்று கொள்ள இடமுண்டு. அதனால்தான் சட்டமன்றத்தைச் சட்டமன்றத்தோடும், மக்களவையை மக்களவையோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். இந்த ஒரு விதியை மீறினால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

இனி கைவேலை. இறக்கும் கோப்பு பெரும்பாலும் ஸ்கேன் செய்த தாள். எக்செலில் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். மக்களவைத் தேர்தல் என்றால் ஆறு சட்டமன்றப் பகுதிக்கும் தனித்தனித் தாள். வேட்பாளர் வரிசை வாக்குச்சீட்டு வரிசைப்படி இருப்பதால் ஒவ்வொரு தேர்தலிலும் மாறும். பெயரைப் பார்த்து ஏற்றுங்கள், பத்தி எண்ணை நம்பாதீர்கள். ஒரு பக்கம் முடிந்ததும் குறுக்குக் கூட்டல், நெடுக்குக் கூட்டல் இரண்டையும் தாளில் உள்ள மொத்தத்தோடு சரிபாருங்கள். மங்கலான ஸ்கேனில் 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும். அதைக் காட்டிக்கொடுப்பது இந்தக் கூட்டல்தான். தபால் ஓட்டு கடைசியில் தனி வரியாக வரும். அதை எந்த பூத்திலும் சேர்க்கக் கூடாது. 2021-ல் 80 வயது தாண்டியவர்கள் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே ஓட்டுப் போட வழி வந்தது. ஒரே சின்னத்துக்குப் பழகிப்போன முதியவர்களில் ஒரு பகுதி அதனால் பூத் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டது.

பலரும் சறுக்கும் இடம் பூத் எண். 2021-ல் கொரோனாவுக்காக 1,050 பேருக்கு மேல் இருந்த பூத்துகளைப் பிரித்து 'ஏ' சேர்த்துத் துணை பூத் போட்டார்கள். 2016-ன் 112-ம் எண்ணும் 2021-ன் 112-ம் எண்ணும் ஒரே தெருக்கள் என்று எடுத்துக்கொண்டால், நடக்காத மாற்றம் நடந்ததாகத் தெரியும். வாக்குச்சாவடிப் பட்டியலை எடுத்து, பள்ளிக்கூடத்தின் பெயர், பிரிவில் உள்ள தெருப் பெயர் இரண்டையும் வைத்துப் பொருத்துங்கள். பொருந்தாவிட்டால் ஊராட்சி அல்லது வார்டு அளவுக்கு பூத்துகளைச் சேர்த்துவிடுவது மேல். அதே பட்டியலில் ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் என்று குறித்த பூத்துகள் இருந்தால் பொக்கிஷம்: ஒரே ஊரில் ஆண் ஓட்டும் பெண் ஓட்டும் எவ்வளவு விலகுகின்றன என்று நேரடியாகப் பார்க்கலாம். 2006-ஐ 2011-ஓடு ஒப்பிடவே வேண்டாம். இடையில் நடந்த தொகுதி மறுசீரமைப்பில் பேரணாம்பட்டும் நாட்றம்பள்ளியும் போய், கே.வி.குப்பமும் ஜோலார்பேட்டையும் வந்தன.

சதவீதத்தைப் பதிவான ஓட்டுக்கு மட்டும் போடாமல், பட்டியலில் உள்ள மொத்தப் பேருக்கும் போட வேண்டும். ஒரு பூத்தில் 1,000 பேர். சென்ற முறை 700 ஓட்டு பதிவாகி ஒரு கட்சிக்கு 350, அதாவது 50 சதவீதம். இம்முறை 600 பதிவு, அதே கட்சிக்கு 318, அதாவது 53 சதவீதம். வளர்ந்தது போலத் தெரிகிறது. உண்மையில் 32 பேர் குறைவு. மற்றவர்களுக்கு அதைவிட அதிகமாக, 68 ஓட்டு, குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஏன் மனம் மாறியது என்பதற்கு ஆட்களிடம்தான் போக வேண்டும். 1,000 பேர் பட்டியலில் 25 பேர் வேண்டுமென்றால் குலுக்கலில் ஒரு தொடக்க எண், பிறகு ஒவ்வொரு நாற்பதாவது பெயர். டீக்கடையில் கேட்டால் ஆண்கள் பேச்சு மட்டும் வரும்; நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் அதற்கு வருபவர்கள் மட்டும். "எந்தச் சின்னத்துக்கு?", "யார் முதலமைச்சரா வரணும்?" என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் வேறுபடும் ஆட்கள்தான் அடுத்த தேர்தலில் நகரக்கூடியவர்கள். போன முறை யாருக்குப் போட்டீர்கள் என்றும் கேளுங்கள். ஜெயித்தவருக்கே போட்டதாகச் சொல்வது மனித சுபாவம். படிவம் 20-ல் அந்த பூத்தில் 45 சதவீதம் என்றிருக்க, கேட்டவர்களில் 60 சதவீதம் பேர் "அவருக்குத்தான்" என்றால், மற்ற பதில்களையும் எவ்வளவு தள்ளி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது புரியும். 500 பேரிடம் கேட்டாலும் நான்கு சதவீதத்துக்கு மேல் இப்படி அப்படி ஆகும். 2019-ன் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. நோட்டாவுக்கு விழுந்ததே அதைவிட அதிகம். அந்த முடிவை எந்தக் கருத்துக்கணிப்பும் பிடித்திருக்க முடியாது.

மாநில அலையை உள்ளூர் பார்வை மீறும் என்பதற்குக் காட்பாடி சாட்சி. திமுகவின் துரைமுருகன் 2016-ல் 23,946 வித்தியாசத்தில் வென்றார். கட்சி ஆட்சியைப் பிடித்த 2021-ல் அது 746. அதே தேர்தலில் ஜோலார்பேட்டையில் அதிமுக அமைச்சர் கே.சி.வீரமணி 1,091-ல் தோற்றார். இங்கெல்லாம் தலைவரைப் பார்த்து மட்டும் விளக்கம் சொல்ல முடியாது. பூத் பூத்தாக இறங்கித்தான் ஆக வேண்டும்.

2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் பெருமளவு பெயர்கள் நீக்கப்பட்டன. பட்டியல் சுருங்கினால் ஓட்டுப்பதிவு சதவீதம் தானாக ஏறும். அதை மக்கள் ஆர்வம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய கணக்கோடு ஒப்பிட 2024 பட்டியல் கையில் இருந்தே ஆக வேண்டும். கடைசிப் பக்கத்தில் உள்ள ஆண், பெண், மூன்றாம் பாலினத்தவர் மொத்தமே போதும். இணையத்தில் கிடைக்காவிட்டால் அந்தத் தேர்தலில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள். டிக் அடித்த அச்சுப் பிரதியும், பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கான படிவம் 17சி நகலும் பலர் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கும்.