காலை 6 மணியா, மாலை 4.30 மணியா?

மதுரையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் இரண்டு கட்சி. விடியும்போதே ரேஸ்கோர்ஸ் மைதானத்தைச் சுற்றத் தொடங்குகிறவர்கள் ஒரு பக்கம். மாலை 4.30 மணிக்கே ஷூ மாட்டிக்கொண்டு வண்டியூர் கண்மாய்க் கரைக்குக் கிளம்புகிறவர்கள் இன்னொரு பக்கம். கோடையில் என் ஓட்டு காலைக்குத்தான். வெயில் மட்டும் காரணமில்லை, ஓசோனும்தான்.

வானத்தில் உயரே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அதே வாயு, நாம் மூச்சுவிடும் உயரத்தில் நுரையீரலைப் புண்ணாக்குகிறது. எந்தப் புகைக்குழாயும் அதை நேரடியாகக் கக்குவதில்லை. வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயின்ட் போன்றவற்றிலிருந்து கிளம்பும் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து உருவாவது அது. அதனால்தான் வெயில் ஏற ஏற அதுவும் ஏறி, பிற்பகலில் உச்சம் தொடுகிறது. 4.30 மணிக்கும் பெரும்பாலும் அவ்வளவாக இறங்கியிருக்காது. வேகமாக நடக்கும்போது காற்றை ஆழமாக இழுக்கிறோம். தொண்டை கரகரக்கும், வறட்டு இருமல் வரும், நெஞ்சு இறுகும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இழுப்பே வந்துவிடலாம். சாதாரண முகக்கவசம் தூசியைத் தடுக்கும், இந்த வாயுவைத் தடுக்காது.

சரி, காலைக் காற்று சுத்தமா? முழுக்க இல்லை. மார்கழிப் பனியில் புகையும் தூசியும் தரையோடு தங்கிவிடும். குப்பை எரிக்கிற தெரு என்றால் இன்னும் மோசம். அந்த மாதங்களில் பனி விலகியபிறகு கிளம்பலாம்.

மாலைதான் தோதுப்படும் என்றால், பொழுது சாய்ந்தபிறகு, பைபாஸ் ரோட்டை விட்டு உள்தெருக்களில் நடங்கள்.