ஹேஸ்டிங்ஸா, பெவர்லியா?

பிரிட்டிஷ் விமானப்படையின் இந்த இரண்டு சரக்கு விமானங்களுக்கும் நான்கு பிஸ்டன் எஞ்சின்கள். ஒற்றுமை ஏறக்குறைய அதோடு சரி.

1948இல் வந்த ஹேஸ்டிங்ஸ், சீக்கிரமே, சோவியத் முற்றுகையால் தரைவழி அடைபட்டிருந்த பெர்லினுக்கு நிலக்கரி சுமக்கப் போனது. ஆனால் வால் சக்கரத்தில் நிற்பதால், தரையில் அதன் உள்தளம் சாய்ந்தே இருக்கும். சாமானைப் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

1956இல் சேவைக்கு வந்த பெவர்லிக்கு அந்தத் தொல்லை இல்லை. பின்பக்கம் அகலமாகத் திறக்கும். லாரியையே உள்ளே ஓட்டலாம். 94 வீரர்கள் ஏறலாம், அதில் 36 பேருக்கு இடம் மேலே வால்பகுதிக்குள்! மடங்காத சக்கரங்களோடு அது பறப்பது ஒரு வீடே நகர்வதுபோல. வேகத்தில் ஹேஸ்டிங்ஸ்தான் முந்தும். கரடுமுரடான குட்டி ஓடுதளம் என்றால் என் ஓட்டு பெவர்லிக்கே.

ஆயுளில்தான் ஏமாற்றம்: 1967இலேயே ஓய்வு. மூத்த ஹேஸ்டிங்ஸோ 1977 வரை பறந்தது.