ஜெனரேட்டர் ஆட்டோ ஸ்டார்ட்: சில அடைமழைகளுக்குப் பிறகு

பேட்டரி இறங்கினால் டீசல் ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகிற எங்கள் ஏற்பாடு ஒரு மழையில் காலை வாரிவிட்டது. அதைச் சரிசெய்யத் தனி ஷன்ட் (பேட்டரிக்கு உள்ளே போகிற, வெளியே வருகிற மின்னோட்டத்தை அளக்கிற பட்டை) போட்டாயிற்று, ஒரு வோல்டேஜ் ரிலே (வோல்ட் இறங்கினால் தானாக ஒட்டுகிற சுவிட்ச்) கூடுதலாக மாட்டியாயிற்று, எலக்ட்ரீஷியன் மலையேறி வந்த வண்டி வாடகை உட்பட பணமும் கொடுத்தாயிற்று. இப்போது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. இருந்தாலும் கோபம் முழுக்கத் தணியவில்லை. அதனால் இதில் கொஞ்சம் காரம் கூடுதலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். கரண்டுக் கம்பம் எங்கள் வளைவு வரைக்கும் வரவில்லை. வீடு, ஆட்கள் குடியிருப்பு, தண்ணீர் மோட்டார், காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் எல்லாமே சோலாரில்தான். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி மூன்று இணையாக, ஒரு 5 கேவிஏ இன்வெர்ட்டர்-சார்ஜர், கொட்டகையில் 7.5 கேவிஏ டீசல் ஜென்செட். பேனல் எத்தனை, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. கம்பெனிப் பெயர் கேட்டு மெசேஜ் போடாதீர்கள், சொல்ல மாட்டேன். ஏனென்றால் நான் சொல்லப்போகிற குறை ஒரு கம்பெனியின் குறை இல்லை, இந்த மாதிரி ஏற்பாடு எல்லாவற்றுக்கும் பொதுவானது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்வெர்ட்டரோடு வரும் கன்ட்ரோல் பெட்டியில் ஒரு ட்ரை கான்டாக்ட், அதாவது ரிலே இயக்குகிற வெறும் சுவிட்ச், இருக்கும். பேட்டரி இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் அது ஒட்டும், இத்தனைக்கு மேலே ஏறினால் விலகும். அந்த இரண்டு வயரை ஜென்செட் கன்ட்ரோலரின் ரிமோட் ஸ்டார்ட் முனையில் கொடுத்தால் போதும். டீப் சீ கம்பெனியுடையது மாதிரி ஆட்டோ கன்ட்ரோலர் இருக்கிற ஜென்செட்டாக இருந்தால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்: செல்ஃப் அடிக்கும், எடுக்கவில்லையென்றால் கொஞ்சம் விட்டு மறுபடி அடிக்கும், ஆயில் பிரஷர் இல்லையென்றால் நிறுத்தும். வெறும் சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணுகிற பழைய செட்டாக இருந்தால் முதலில் அந்தக் கன்ட்ரோலர் வாங்க வேண்டும். பெரிய செலவு அங்கேதான் வரும், ரிலேயில் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்ட ஆரம்பித்தால் மறந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மழை பிடித்தால் வாரக்கணக்கில் மூட்டம்தான். அதே சமயத்தில்தான் பழம் பறிப்பும், பல்பரும். ராத்திரி எட்டு மணிக்குக் குடையும் டார்ச்சுமாக, காலில் அட்டை ஏற, வழுக்குகிற படியில் இறங்கிக் கொட்டகைக்குப் போய் ஜெனரேட்டரைப் போட்டு, ராத்திரி பதினொன்றுக்கு அதை நிறுத்த மறுபடி இறங்கி, இதையெல்லாம் செய்தவர்களுக்குத்தான் தெரியும் அது தானாக ஸ்டார்ட் ஆகும்போது வருகிற சுகம். போர்வைக்குள் இருந்துகொண்டே தூரத்தில் செல்ஃப் அடிக்கிற சத்தம், பிறகு இஞ்சின் நிதானத்துக்கு வருகிற சத்தம், அரை நிமிடத்தில் இன்வெர்ட்டர் அதைப் பிடித்துக்கொள்கிற ஒரு டக். இதற்குக் கொடுத்த காசு அத்தனையும் தகும் என்று அப்போது தோன்றும். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வத்தலக்குண்டு போய் வர முடிகிறது என்பதும் இதனால்தான்.

இஞ்சினுக்கும் இது நல்லது. டீசல் ஜென்செட்டை ரெண்டு லைட், ஒரு டிவிக்காக ஓட்டினால் சூடு ஏறாது, எரியாத டீசல் சைலென்சரில் கறுப்புப் பிசினாக ஒழுகும். மூன்றில் ஒரு பங்கு லோடாவது இருக்க வேண்டும் என்பார்கள் மெக்கானிக்குகள். லித்தியம் பேட்டரி காலியாக இருக்கும்போது கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். 60 ஆம்பியர் வைத்தால் அதுவே 3 கிலோவாட், அதோடு வீட்டு லோடும் சேர்ந்து இஞ்சின் சந்தோஷமாக ஓடுகிறது. பேட்டரி 25 சதவீதத்தில் இருக்கும்போது ஆரம்பித்து 80-இல் நிறுத்த மூன்று மணி நேரத்துக்குப் பக்கம். மணிக்கு ஒன்றரை லிட்டர் டீசல் என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிட் 40 ரூபாய் அடக்கம். வயிறு எரியும், ஆனால் தேவையில்லாமல் ராத்திரி முழுக்க ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, இப்போது அந்தச் சதவீதத்துக்கு வருகிறேன்.

மொத்த ஆட்டோமேஷனும் ஒரே ஒரு எண்ணை நம்பி நிற்கிறது. பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்கிற எண். அந்த எண்ணை யாரும் அளப்பதில்லை, கணக்குத்தான் போடுகிறார்கள். உள்ளே போன ஆம்பியரைக் கூட்டி, வெளியே போனதைக் கழித்து, மீதி இவ்வளவு என்று சொல்வது. கடைக்காரர் கல்லாவை எண்ணாமல் சிட்டையை மட்டும் பார்த்துக் கையிருப்பு சொல்வது மாதிரி. சிட்டையில் எழுதாமல் எடுத்த சில்லறை எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும்?

எங்கள் கதையில் அந்தச் சில்லறை ராத்திரி லோடு. எல்லோரும் தூங்கின பிறகு ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு எல்லாம் சேர்த்து சராசரியாக 150 வாட், அதாவது 3 ஆம்பியர். மூன்று பேட்டரி இணையாக இருப்பதால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஆம்பியர். பேட்டரிக்குள் இருந்து இந்தக் கணக்கைப் போடுகிற, அடிமட்டம் தொட்டால் பேட்டரியைத் துண்டிக்கிற சர்க்யூட்டுக்குப் பி.எம்.எஸ். என்று பெயர். சில பி.எம்.எஸ்ஸுக்கு அந்த அளவு மின்னோட்டம் கண்ணிலேயே படாது, பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 36 ஆம்பியர்-மணி போகிறது, மொத்தக் கொள்ளளவில் 12 சதவீதம். அதில் கால்வாசி கணக்கில் விட்டுப்போனாலும் ஒரு ராத்திரிக்கு 3 சதவீதம், ஒரு வாரத்தில் 20.

வெயில் காலத்தில் இது யாருக்கும் தெரியாது. தினமும் மத்தியானம் பேட்டரி நிறைந்துவிடும். நிறைந்ததும் பி.எம்.எஸ். கணக்கை அழித்துவிட்டு 100 என்று புதிதாக ஆரம்பிக்கும். தப்பு ஒரு நாளைக்கு மேல் சேராது. மழைக்காலத்தில்தான் பேட்டரி நிறைவதே இல்லை. வெயில் நிறைக்காது, ஜெனரேட்டரும் 80-இல் நின்றுவிடும். ஆகக்கூடி, ஜெனரேட்டர் தேவையே இல்லாத எட்டு மாதம் எண் கச்சிதமாக இருக்கும், ஜெனரேட்டரை நம்பி இருக்கிற அந்த ரெண்டு மாதம் மட்டும் பொய் சொல்லும். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மாட்டிக்கொடுத்தவர் 80-இல் நிறுத்து என்று வைத்ததற்குக் காரணம் கேட்டால், மறுநாள் வெயிலுக்கு இடம் விட வேண்டும் சார் என்றார். நியாயமான காரணம்தான், கோயம்புத்தூரில் உட்கார்ந்து யோசித்தால். கார்த்திகை மாதத்து மலையில் எந்த மறுநாள், எந்த வெயில்?

அப்படி ஒரு மழை நாளில் திரையில் 40 சதவீதத்துக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தது. அம்மா சொன்னாள், "அந்தப் பெட்டி சொல்றது கெடக்கட்டும்டா. மூணு நாளா வெயிலைக் கண்ணுல பார்க்கல, எங்கிட்டிருந்து நாப்பது வரும்?" அன்று விடியற்காலை ஏதோ ஒரு செல் அடிமட்டத்தைத் தொட்டு, பி.எம்.எஸ். கதவைச் சாத்தி, வீடு இருண்டது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இதைவிட எரிச்சல் அடுத்ததுதான். ஸ்டார்ட் கட்டளை கொடுக்கிற கன்ட்ரோல் பெட்டிக்குக் கரண்டு எங்கிருந்து வருகிறது? அதே பேட்டரியிலிருந்து. பேட்டரி செத்தால் பெட்டியும் செத்தது, ரிலே ஒட்டாது. கொட்டகையில் ஜென்செட் தன் சொந்த 12 வோல்ட் பேட்டரியோடு, டேங்க் நிறைய டீசலோடு, ஆட்டோ மோடில் விளக்கு எரிய உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. உத்தரவு போடுகிற ஆள் இருட்டில் கிடக்கிறார். பழையபடி குடை, டார்ச், அட்டை.

வோல்ட்டை வைத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஈய பேட்டரியில், நம்ம ட்யூபுலரில், அது ஓரளவு சரிப்பட்டு வரும், இறங்க இறங்க வோல்ட்டும் சீராக இறங்கும். எங்களுடையது மாதிரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 30 சதவீதத்துக்கும் 70-க்கும் நடுவே ஒரு செல்லுக்குச் சில நூறில் ஒரு பங்கு வோல்ட்தான் வித்தியாசம், பதினாறு செல் சேர்ந்தாலும் முழுசாக ஒரு வோல்ட் தேறாது. பல்பர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அதைவிட அதிகமாக இறங்கி ஏறும். வோல்ட்டை மட்டும் நம்பினால் பல்பர் போடும்போதெல்லாம் ஜெனரேட்டரும் சேர்ந்து ஸ்டார்ட் ஆகும், மிக்ஸிக்குக்கூட ஆகலாம்.

விற்றவரிடம் போன் பண்ணினால் சாஃப்ட்வேர் அப்டேட் போடுங்க சார் என்றார். போட்டோம். திரையில் எழுத்து பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

கடைசியில் மூன்று வேலை செய்தோம். ஒன்று, மூன்று பேட்டரிக்கும் பொதுவாக நெகடிவ் பக்கத்தில் தனி ஷன்ட் போட்டு, சதவீதத்தை பி.எம்.எஸ்ஸிடம் கேட்காமல் அதனிடம் கேட்க வைத்தோம். மொத்த 3 ஆம்பியரும் ஒரே இடத்தில் ஓடுவதால் அதற்குத் தெரிகிறது. ரெண்டாவது, மழை பிடித்தால் வாரத்துக்கு ஒரு முறை ஜெனரேட்டரை 80-இல் நிறுத்தாமல் முழுசாக நிறைகிற வரை ஓட விடுகிறோம். கடைசி கொஞ்ச நேரம் லோடு குறைந்து இஞ்சின் சும்மா ஓடுகிறது, டீசல் வீண்தான், ஆனால் கணக்கு நேராகிவிடும், செல்களும் சமமாகும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. இன்வெர்ட்டர் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சாதாரண வோல்டேஜ் ரிலே, 50 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே ரெண்டு நிமிடம் தொடர்ந்து நின்றால் மட்டும் ஒட்டுகிற மாதிரி வைத்து, பழைய ட்ரை கான்டாக்டுக்கு இணையாகக் கொடுத்துவிட்டோம். பல்பர் இழுக்கிற இழுவை சில நொடிதான், அதற்கு இது அசையாது. நிஜமாகவே பேட்டரி அடிமட்டத்துக்கு வந்தால், சதவீதம் என்ன பொய் சொன்னாலும், பி.எம்.எஸ். சாத்துவதற்கு முன்னால் இது ஜெனரேட்டரை எழுப்பிவிடும். இதில் திரையும் இல்லை, மொபைல் ஆப்பும் இல்லை. இத்தனை விலை கொடுத்து வாங்கிய பெட்டிக்கு இவ்வளவு மலிவான காவல்காரன் எதற்கு என்று யோசித்தால்தான் மறுபடி கோபம் வருகிறது.

நடுவில் ஒன்று, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டோவில் இருக்கிற ஜென்செட் எந்த நேரமும் சொல்லாமல் ஸ்டார்ட் ஆகும். ஃபேன் பெல்ட்டில் கை வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு அது தெரியாது. கன்ட்ரோலரை ஆஃபில் போட்டு, 12 வோல்ட் பேட்டரியின் நெகடிவைக் கழற்றிய பிறகுதான் யாரையும் தொட விடுவது என்று வைத்திருக்கிறோம், கொட்டகைக் கதவில் பெரிதாக எழுதியும் வைத்திருக்கிறோம். புகை வீட்டுப் பக்கம் வராத இடமாகவும் இருக்க வேண்டும், ராத்திரி எல்லோரும் தூங்கும்போது ஓடப்போகிற இஞ்சின் அது.

இவ்வளவு சொன்ன பிறகு இதைக் கழற்றுவேனா என்றால், மாட்டேன். கழற்றச் சொன்னால் அம்மாவே விட மாட்டாள். போன அடைமழையில் ஒரு ராத்திரிகூட நான் கொட்டகைக்கு இறங்கவில்லை. சைலென்சர் சுத்தமாக இருக்கிறது. பேட்டரிக்கும் அடி இல்லை. நியாயமாகப் பார்த்தால் ஐந்துக்கு நாலு போட வேண்டிய ஏற்பாடு.

ஆனால் ஜவ்வாது மலையில் நிலம் வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் போடலாமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனி ஞாயிறு மட்டும் போகிற வீடு. பேட்டரி இறங்கினால் அலறுகிற ஒரு பஸ்ஸரும், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டார்ட் பட்டனும் இருந்தால் போதும், போகாத நாளில் மெயினை இறக்கிவிட்டு வரலாம். ஆளே இல்லாத வீட்டில், ஒரு ஜெனரேட்டரும் தப்பான ஒரு எண்ணும் சேர்ந்து என்ன முடிவு எடுக்கும் என்று நினைத்துக்கொண்டு திருப்பத்தூரில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அப்படியும் போட்டுத்தான் ஆவேன் என்றால், வாங்குவதற்கு முன்னால் விற்பவரிடம் ரெண்டு கேள்வி கேட்கச் சொன்னேன்: இந்தச் சதவீதத்தை எது கணக்குப் போடுகிறது, பத்து நாள் பேட்டரி நிறையவே இல்லையென்றால் அது எவ்வளவு தவறும்? எங்களுக்கு மாட்டிக்கொடுத்தவரிடம் இதைக் கேட்டபோது, "அதெல்லாம் ஆட்டோமேட்டிக் சார்" என்றார்.