கவாஸ்கரா, சச்சினா?

இந்தியாவின் தலைசிறந்த பேட்ஸ்மேன் யார் என்று கேட்டால், கடைசியில் இந்த இருவரிடமே வந்து நிற்கிறேன்.

டெஸ்ட் கணக்கு: கவாஸ்கர் 125 ஆட்டம், 10,122 ரன், 34 சதம். சச்சின் 200 ஆட்டம், 15,921 ரன், 51 சதம்.

தொடக்கம்: 1971இல், ஹெல்மெட் இல்லாத காலத்தில், மேற்கிந்தியத் தீவுகளில் முதல் தொடரிலேயே 774 ரன் குவித்தார் கவாஸ்கர். சச்சின் 16 வயதில் பாகிஸ்தானில் களமிறங்கினார்.

மன உறுதி: 2004இல் சிட்னியில் கவர் டிரைவ் என்ற ஷாட்டையே ஒதுக்கிவைத்து ஆட்டமிழக்காமல் 241 அடித்தார் சச்சின். 1987இல் பெங்களூரில் பந்து தாறுமாறாகத் திரும்பிய ஆடுகளத்தில் கவாஸ்கர் எடுத்தது 96. எனக்கு அந்த 96தான் பெரிது.

ஒருநாள் ஆட்டம்: சச்சினுக்கு 49 சதம். கவாஸ்கர் 1975 உலகக் கோப்பையில் 60 ஓவரும் நின்று 36 ரன் எடுத்தவர், பேச்சை விடுங்கள்.

புதுப்பந்தைச் சமாளிக்க ஆள் வேண்டுமானால் கவாஸ்கர். எல்லா ஆட்டத்துக்கும் ஒரே பெயர் வேண்டுமானால் சச்சின்.